சைவ வாலிபர் கூட்டமும் அதன் பணிமுறையும்

சங்கம் தொடங்குதல் எளிது, நடத்துதல் அரிது. ஊர்தோறும் சைவ வாலிபர் சிலர் ஒருங்கு கூடித் தமக்கொரு பெயரும் ஒரு தலைவரும் அமைத்துக்கொண்டு, முதலாண்டு விழாவைச் சிறப்புற நிகழ்த்துவர். இரண்டாமாண்டில் வருவோர் தொகை குறையும். மூன்றாமாண்டில் வாயிலில் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். இங்ஙனம் மெலிந்தொழிவதற்குக் காரணம் வாலிபரிடத்து அன்பின்மை என்று முதியோர் கூறுவர். அன்பில்லாதவர் முதலாண்டிலும் கூடியிரார் அன்றோ? உண்மைக் காரணம் யாதெனின், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் இன்னது செய்தல் வேண்டும் என்னும் பணிமுறை வகுக்கப்படாமையேயாம். விழா ஆண்டுக்கு ஒருநாள் நிகழ்வது. பணியோ வாரந்தோறும் நிகழற்பாலது. விழாவை நம்பிய கூட்டங்கள் மறைந்தன. பணியை நம்பியவை நிலைத்தன. சைவ சமய வரலாறு இவ்வுண்மைக்குப் போதிய சான்று தருகின்றது.

அடியார் கூட்டம் சைவர்க்குப் பொழுதுபோக்கன்று. மெய்கண்ட தேவ நாயனார் சிவஞான போதத்தின் இறுதிச் சூத்திரமாகிய பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலம் நீங்கிய நிலையினர்க்கும் அன்பரோடு கூடுதலும், அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனத் தொழுதலும் வேண்டுமென விதித்தார். முத்தி நிலைக்கண் நிற்பார்க்கே கூட்டுறவு இன்றியமையாததாயின், உலகிற் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளைஞர்க்கு அஃது எத்துணை வேண்டப்படும் என்பது சொல்ல வேண்டா. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறி நான்காக வகுக்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சரியை உடலாற் செய்யும் தொண்டு, அதுவே முதற்படி. உடல் வலியும் ஊக்கமும் மிக்க இளமைப் பருவத்தார்க்கு அப்படியே இயல்பாகப் பொருந்துவது. அதனைக் கடந்து, முதல் நாளிலேயே முத்திநிலை பற்றிய நுண்வாதங்களைக் கேட்பிக்கும் கூட்டத்தில் இளைஞர் தங்காமை வியப்பன்று.

நாயன்மார் வரலாற்றிலும் இம்முறையே காணப்படுகின்றது. திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படையைக் கையினின்றும் நீக்காது சென்ற தலந்தோறும் திருவீதியும் திருமுற்றமும் செப்பம் செய்தனர். முருக நாயனார் திருப்புகலூரிலே நாடோறும் மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்துதலையே தம் பணியாகக் கொண்டனர். திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இறைவன் அளித்த காசு கொண்டு திருமடங்களில் அடியார்க்கு அமுதூட்டினர் என்று பெரியபுராணம் கூறும். திருக்கோயிலைத் துலக்குதல், மலர்த்தொண்டு, பசிப்பிணி நீக்குதல் என்னும் இம்மூன்றும் பிற்காலச் சங்கங்கள் எல்லாவற்றிற்கும் அடிப்படைப் பணிகளாயின. நான்காவதாகிய கல்விப் பணியைச் சேர்த்து, நான்கையும் ஓர் ஒழுங்கிற் கோத்துக் காட்டிய பெருமை சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களைச் சார்ந்தது.

நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் நல்லூரிலே பிறந்தனர். இளமையில் தமிழ் நூல்களை வல்லாசிரியரிடம் ஓதிய பின்னர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தனர். அப்பாடசாலைத் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவர்க்குத் துணை புரிந்தவரும் இவரே. இத்தொடர்பு வீண்போகவில்லை. பாதிரிமார் வாரந்தோறும் பிரசங்கம் செய்தலையும், சிறுவர்க்குப் பாடசாலை வைத்தலையும், சிறு நூல்களை அச்சிட்டு ஊரெங்கும் வழங்குதலையும் அவர் அருகிருந்து கண்டனர். சைவர்க்குக் குறைவாயிருந்தது நூலுமன்று, அன்புமன்று. அவற்றை மக்களிடம் கொண்டு சேர்க்கும் முறையே என்பதை அவர் உணர்ந்தனர்.

அவர் பணியின் வரிசை கருதத்தக்கது. முதற்கண் அவர் சபை கூட்டவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே, காலையிலும் இரவிலும் தம்மிடம் வந்த மாணாக்கர் சிலர்க்கு வேதனம் பெறாது இலக்கண இலக்கியங்களையும் சமய நூல்களையும் கற்பித்து வந்தனர். தாம் எண்ணிய பெரும் பணிக்கு உடனுழைக்கும் ஆசிரியர் முன்னரே உருவாதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அம்மாணாக்கருள் ஒருவராகிய சதாசிவப்பிள்ளை பின்னாளில் நாவலர் பணிகள் பலவற்றையும் தாங்கி நடத்தும் வலக்கையாக விளங்கினர். பத்துப்பேர் வரும் கூட்டத்தை நூறுபேர் கூட்டமாக்க முயலுமுன், அப்பத்துப்பேரையும் பணிக்கு உரியவராக்குதல் வேண்டும் என்னும் பாடம் இங்கே கிடைக்கின்றது.

இரண்டாவது படி பிரசங்கம். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலாகிய வைத்தீசுவரன் கோயிலிலே நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினர். அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை என்பது நாள். சிவன்கோயில் என்பது இடம். நாவலரும் அவர் நண்பராகிய கார்த்திகேய ஐயரும் என்பது பேசுவோர். இம்மூன்றும் தொடக்கத்திலேயே உறுதி செய்யப்பட்டன. பேசிய பொருள்களும் அவ்வாறே கேட்போர் வாழ்க்கையோடு ஒட்டியவை: கடவுள் ஒருவரே என்பது, சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறன்மனை விழையாமை, தானம், பசுக்காத்தல் என இவ்வாறு விரியும். கேட்டவர் வீடு திரும்பியவுடன் செய்தற்கு ஒன்றேனும் ஒவ்வொரு பிரசங்கத்திலும் இருந்தது. ஒருவரே எந்நாளும் பேசாமல் இருவர் பொறுப்பேற்றமையால், ஒருவர்க்கு இடையூறு நேர்ந்தபோதும் வாரம் தவறவில்லை. பின்னர் மாணாக்கரும் பங்கு கொள்ள, அப்பிரசங்கம் பல்லாண்டு தொடர்ந்தது.

மூன்றாவது படி வித்தியாசாலை. 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவப்பெற்றது. முன்னரே பயிற்றப்பெற்றிருந்த மாணாக்கர் அங்கே ஆசிரியராயினர். அவ்வாண்டிலேயே நாவலர் தம் உத்தியோகத்தைத் துறந்தனர். ஊதியம் மிக்க தொழிலை விட்டு, அடுத்த மாதச் செலவுக்கு வழி தெரியாத பணியில் முழுதும் இறங்கிய அச்செயலே, உடனிருந்த இளைஞர்க்கு எப்பிரசங்கத்தினும் மேலான பிரசங்கமாயிற்று.

நான்காவது படி அச்சு. பாடசாலை தொடங்கியவுடன் பாடநூல் இல்லாக் குறை தோன்றிற்று. 1849 ஆம் ஆண்டு நாவலர் சதாசிவப்பிள்ளையோடு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தனர். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் சூட்டினர். பின்னர் பாலபாடங்களும், பெரியபுராண வசனமும், வினாவிடை நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கற்றோர் மட்டுமே அணுகிய பெரியபுராணம், உரைநடை வடிவிலே சிறுவர்க்கும் பெண்டிர்க்கும் எட்டியது. ஈண்டும் வரிசையை நோக்குக. மாணாக்கரால் பிரசங்கம் வளர்ந்தது. பிரசங்கம் கேட்டோரால் பாடசாலைக்குப் பிள்ளைகள் வந்தனர். பாடசாலைத் தேவையால் அச்சுக்கூடம் பிறந்தது. ஒவ்வொரு பணியும் முன்னைய பணியின் வயிற்றிலிருந்து தோன்றியதேயன்றி, வெறும் ஆசையால் ஒட்டவைக்கப்பட்டதன்று. 1864 ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியபோது, கடல் கடந்தும் அம்முறை வேரூன்றிற்று. 1877 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினர். திருவீழிமிழலைத் திருத்தொண்டு பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மறக்கப்படவில்லை.

ஆயினும் நாவலர் முயற்சிகள் எல்லாம் வெற்றியே பெற்றன என்று கூறுதல் வரலாறாகாது. ஆங்கிலக் கல்வியை விரும்பும் சைவச் சிறுவர் மிஷன் பாடசாலைகளையே நாட வேண்டியிருந்த நிலையை மாற்றக் கருதி, 1872 ஆம் ஆண்டு அவர் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றை வண்ணார்பண்ணையில் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் அது நான்காண்டளவில் மூடப்பட்டது. ஆங்கிலப் பாடசாலைக்கு வேண்டும் பொருள் பெரிது. அதனை ஒருவர் செல்வாக்கும் உழைப்பும் மட்டும் தாங்க இயலவில்லை. நாவலர் 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் நாள் சிவபதம் எய்தினர். அவர் வழிவந்தோர் அத்தோல்வியின் காரணத்தை நன்குணர்ந்து, 1888 ஆம் ஆண்டு சைவ பரிபாலன சபையை நிறுவி, பலர் பொறுப்பாகப் பணியைப் பகிர்ந்தனர். 1889 இல் இந்து சாதனம் என்னும் பத்திரிகையும், 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் எழுந்தன. தனியொருவர் தாங்கியபோது நான்காண்டில் வீழ்ந்த எண்ணம், சபை தாங்கியபோது நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. தலைவர் ஒருவரையே நம்பும் வாலிபர் கூட்டங்கள் இதனைச் சிந்தித்தல் நலம்.

மற்றொரு குறையையும் மறைத்தல் தகாது. நாவலர் சாதி வரம்பை உறுதியாகப் பற்றியவர். அவர் நூல்களும் அதற்குச் சான்று. அவர் முறையைக் கொள்வோர் அவ்வரம்பையும் உடன் கொள்ள வேண்டுவதில்லை. திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் சேக்கிழார் பெருமான் ஏனை அடியாரோடு ஒப்ப வைத்துப் பாடினர். திருநாவுக்கரசரோ அந்தணராகிய அப்பூதியார் இல்லத்து அமுது கொண்டனர். திருநீறணிந்து வருவோன் யாவனாயினும் அவனுக்கு இடமுண்டு என்பதே அடியார் கூட்டத்தின் இலக்கணம். குன்றக்குடி அடிகளார் 1952 ஆம் ஆண்டு தொடங்கிய அருள்நெறித் திருக்கூட்டம், மடத்தினின்றும் மக்களிடம் சென்று இக்கருத்தை வலியுறுத்தியது.

நாவலர் காலத்திற்குப் பின்னர்த் தமிழ்நாட்டிலும் வாலிபர் சங்கங்கள் பல தோன்றின. நாகப்பட்டினத்து வேதாசலம் என்னும் மாணவர் மிஷன் பாடசாலையில் படிக்கும் காலத்திலேயே, தம் பதினாறாம் வயதளவில், உடன்பயின்றாரைக் கூட்டி இந்து மதாபிமான சங்கம் என ஒன்றை அமைத்தனர். அவ்வூர்க்கு வந்து சைவப் பேருரை நிகழ்த்திய சூளை சோமசுந்தர நாயகரின் தொடர்பு அம்மாணவரைச் சித்தாந்தக் கடலில் ஆழ்த்திற்று. அவரே பின்னாளில் மறைமலையடிகளாக விளங்கியவர்; 1905 ஆம் ஆண்டு சைவ சித்தாந்த மகா சமாஜம் தோன்றியபோது முன்னின்றோருள் ஒருவர். சிறுவர் கூடிய ஒரு சிறு சங்கம் எத்தகைய பெரும் பணிக்கு நாற்றங்காலாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. சென்னை இராயப்பேட்டையில் பாலசுப்பிரமணிய பக்த ஜன சபையில் உழைத்த இளைஞருள் திரு. வி. கலியாணசுந்தரனாரும் ஒருவர். அவர்தம் தமிழாசிரியர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கதிரைவேற்பிள்ளை ஆவர். இருவர் வரலாற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. மூத்த அறிஞர் ஒருவர் இளைஞரின் சங்கத்தைத் தாம் கைப்பற்றாமல், அருகிருந்து வழிகாட்டினர். இளைஞரோ பெரியார் சொல்லை வாங்கிக்கொண்டு, பேசவும் எழுதவும் தாமே முயன்றனர்.

இனி இம்முறை ஓர் ஊரின் நிலைக்கு ஏற்ப எங்ஙனம் அமையும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை வட்டாரத்தைக் கொண்டு நோக்கலாம். முன்னாளில் பாளையம் ஒன்றன் தலைமையிடமாயிருந்த இவ்வூர், இந்நாளில் மல்லிகை முதலிய மலர் விளைவாலும் பூச்சந்தையாலும் பெயர் பெற்றது. கிழக்கே சிறுமலை; தெற்கே வையை. அவ்வையைக் கரையிலே, கிழக்கே சோழவந்தானை அடுத்து, திருவேடகம் என்னும் பாடல்பெற்ற தலம் உள்ளது. மதுரையிலே திருஞானசம்பந்தர் வையையில் இட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்து மேற்கே ஏறி அங்கே தங்கியது என்றும், அதனைக் குலச்சிறை நாயனார் குதிரையூர்ந்து தொடர்ந்து சென்றனர் என்றும் சேக்கிழார் கூறுவர். எதிரேறிய ஏட்டை விடுத்த பெருமான் அன்று இளஞ்சிறுவர் என்பதை இவ்வட்டாரத்து இளைஞர் நினைதல் தகும்.

அத்திருவேடகத்திலேயே 1971 ஆம் ஆண்டு விவேகானந்த கல்லூரி தோன்றிற்று. திருப்பராய்த்துறை இராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் அதனைக் குருகுல முறையில் அமைத்தனர். மாணவர் ஆசிரியரோடு உடனுறைந்து வழிபாடும் கல்வியும் ஒழுக்கமும் ஒருங்கே பயில்வர். அச்சுவாமிகள் ஊர்தோறும் நடத்திய அந்தர்யோகமோ, இல்லறத்தாரும் மாணவரும் ஒருநாள் முழுதும் வழிபாட்டிலும் உரைகேட்டலிலும் தியானத்திலும் கழிக்கும் திட்டமாகும். இவையும் நாள், இடம், பணி என்னும் மூன்றனையும் முன்வகுத்தமையாலேயே வேர்கொண்டன.

நிலக்கோட்டை வட்டாரத்திலே ஒரு சைவ வாலிபர் கூட்டம் தன் ஆண்டுப் பணியை வகுக்குமாயின், பஞ்சாங்கத்தோடு பூச்செடியின் பருவத்தையும் பார்த்தல் வேண்டும். மல்லிகை விடியுமுன் பறிக்கப்படுவது. ஆகலின் பூவிளைக்கும் குடும்பத்து இளைஞரை வைகறைக் கூட்டத்திற்கு அழைத்தல் பயனற்றது. அவர்க்கு மாலைப்பொழுதே ஏற்றது. கோடையில் மலர் மிகுந்து விலை வீழும். அக்காலம் மலர்த்தொண்டுக்கு உரியது. விலைபோகாத மலரை வீணாக்காது வாங்கியும் கேட்டுப் பெற்றும், பூசைக்கு மலர் கிட்டாத சிற்றூர்ச் சிவாலயங்களுக்கு மாலையாகத் தொடுத்து அளித்தல் முருக நாயனார் நெறியாம். மார்கழியிலோ பனியால் மல்லிகை குறையும். பறிக்கும் வேலையும் சுருங்கும். அம்மாதத்து வைகறை திருவெம்பாவை ஓதுதற்குத் தானே ஒழிகின்றது. ஊர்த் தொழிலே இவ்வாறு ஆண்டுப் பணியை வகுத்துத் தருதலைக் காண்க.

உழவாரத் திருப்பணி திங்களுக்கு ஒருமுறை, ஒரே கோயிலில் பல திங்கள் தொடர்ந்து செய்யப்படுதல் நலம். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஊர்க்குச் சென்றால் படம் எடுத்தலுக்கு உதவும். புல் மட்டும் மீண்டும் முளைக்கும். கோயில் அலுவலர் இசைவைப் பெற்றே தொடங்குதல் வேண்டும். கல்வெட்டுள்ள சுவரில் சுண்ணமோ வண்ணமோ பூசுதலும், கோபுரத்து மரத்தை இழுத்துப் பிடுங்கிக் கட்டடத்தைக் குலைத்தலும் தொண்டாகா. வாரந்தோறும் ஒரு மாலை திருமுறை ஓதுதலுக்கு உரியதாகுக. அன்று பெரியபுராணத்திலிருந்து ஓர் அடியார் வரலாற்றை உறுப்பினர் ஒருவர் முறைவைத்துச் சொல்லுதல் வேண்டும். அறுபத்துமூவர் வரலாறும் முடிய ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் பேச அஞ்சிய பலர் பேசப் பழகியிருப்பர். சிறுவர்க்கு வகுப்பு நடத்துவோர் முன்னரே பயிற்சி பெறுக. செலவுக்கு வீடுதோறும் பிடியரிசி ஒதுக்கும் பழைய வழக்கமே போதும். சிறுதொகை பலரிடமிருந்து வருமாயின், கணக்குக் கேட்போரும் பலராவர், கணக்குத் தூய்தாகும்.

பொறுப்புகள் ஆண்டுதோறும் கைமாறுதலும், ஒவ்வொரு பணிக்கும் இருவர் இருத்தலும் மறக்கத்தகாதவை. நாவலர்க்குக் கார்த்திகேய ஐயர் இருந்தமையால் வெள்ளிக்கிழமை தவறவில்லை. சைவாங்கில வித்தியாசாலைக்குத் தாங்குவோர் பலர் இல்லாமையால் அது தவறிற்று. ஒருவரே இரண்டு நிகழ்ச்சிக்கும் தலைவர். அவர் புலமையோ அன்போ இரண்டாவதில் குறைந்ததில்லை. தாங்கிய தோள்களின் எண்ணிக்கையே வேறு.

ஆதலின் புதிதாகக் கூடும் இளைஞர் முதல்நாள் எழுதற்பாலது சங்கத்தின் பெயரன்று. தாம் ஓராண்டு தவறாது செய்யக்கூடிய பணி ஒன்றும், அதனைச் செய்யும் நாளும், அதற்குரிய இருவர் பெயருமேயாம். பணி நிற்குமாயின் பெயர் தானே வரும். உழவாரம் ஏந்திய கையும், மாலை தொடுத்த விரலும், திருமுறை ஓதிய நாவும் வீடுபேற்றிற்கே பயிற்சி பெறுகின்றன என்னும் நினைவு உள்ளத்தில் நிலைபெறுக. வையைக் கரையிலும் பிற இடங்களிலும் கூடும் இளைஞர்க்கு அந்நினைவைத் தந்து, எடுத்த பணியை முட்டின்றி முடித்து வைக்கத் திருவருள் முன்னிற்பதாக.